ஒரே வீடு, ஒரே இ.எம்.ஐ... பேப்பர்ல நீங்க யாரு? லிவ்-இன்ல இருக்கிறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய சட்டமும் பணமும்



வழக்கமா வரி, மியூச்சுவல் ஃபண்ட், ஹோம் லோன்னு பேசுற நாம, இன்னிக்கு பலர் வீட்லயும் சத்தமா பேச முடியாத ஒரு விஷயத்தைப் பேசப் போறோம். கல்யாணம் பண்ணிக்காம ஒண்ணா வாழுற ஜோடிகள். அது சரியா தப்பான்னு தீர்ப்பு சொல்றது என் வேலை இல்லை. நான் ஒரு ஆடிட்டர். பணம் யார் பேர்ல இருக்கு, நாளைக்கு அது யாருக்குப் போகும், இதுதான் என் வேலை.

சில மாசம் முன்னாடி என் ஆபீஸுக்கு ஒரு பெண் வந்தாங்க. வயசு 31, ஐ.டி. வேலை. கையில ஒரு ஃபைல், அதுக்குள்ள நாலு வருஷ பேங்க் ஸ்டேட்மெண்ட். (அவங்க சம்மதத்தோடதான் எழுதுறேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

அவங்களும் அவங்க பார்ட்னரும் நாலு வருஷமா ஒண்ணா இருந்தவங்க. நடுவுல ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு ஃப்ளாட் வாங்கினாங்க. அவருக்குச் சம்பளம் அதிகம், லோன் சீக்கிரம் கிடைக்கும்னு பத்திரமும் லோனும் அவர் பேர்லயே. முன்பணத்துக்கு இவங்க கொடுத்தது 6 லட்சம். அப்புறம் மாசா மாசம் இ.எம்.ஐ.ல பாதி, 28,000 ரூபாய், அவர் அக்கவுண்டுக்கு அனுப்பிடுவாங்க. இப்படி 31 மாசம்.

கணக்குப் போடுவோம். 28,000 பெருக்கல் 31, அது 8,68,000. முன்பணத்தையும் சேர்த்தா 14,68,000 ரூபாய்.

ஒரு பைக் விபத்துல அவர் இறந்துட்டாரு. காரியம் எல்லாம் முடிஞ்சதும் ஊர்ல இருந்து அவரோட அம்மா வந்தாங்க. சண்டை எதுவும் போடலை. "சாவியைக் கொடும்மா, பேங்க்ல இருந்து வரச் சொல்றாங்க" அப்படின்னு மட்டும் சொன்னாங்க. அவரோட அப்பா ஏற்கெனவே தவறிட்டாரு. தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ்ல ஒரே ஒரு பேர்தான், அந்த அம்மா பேர்.

"சார், சட்டப்படி நான் அவருக்கு யாரு?"

என் முன்னாடி உட்கார்ந்து அவங்க கேட்ட முதல் கேள்வி இது. இந்தக் கட்டுரை முழுக்க அதுக்கான பதில்தான்.

முதல்ல ஒரு சந்தேகம்: இது குற்றமா?

இல்லை. 18 வயசு முடிஞ்ச ரெண்டு பேர் தங்களோட விருப்பத்துல ஒண்ணா வாழுறது இந்தியாவுல குற்றம் கிடையாது. நடிகை குஷ்பு 2005-ல் ஒரு பேட்டியில சொன்ன கருத்துக்காக தமிழ்நாட்ல அவர் மேல பல வழக்குகள் போட்டது ஞாபகம் இருக்கா? அந்த வழக்குகளை 2010 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணுச்சு. அப்போ, லிவ்-இன் சிலருக்கு ஒழுக்கக்கேடாத் தெரியலாம், ஆனா அது குற்றம் ஆகாதுன்னு கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு.

ஆனா "குற்றம் இல்லை" என்பதும் "உரிமை உண்டு" என்பதும் வேற வேற. பலர் குழம்புற இடம் இதுதான்.

சட்டம் என்ன கொடுக்குது?

லிவ்-இன்ல இருக்கிற பெண்ணுக்குக் கைகொடுக்குற முக்கியமான சட்டம், 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். மனைவிக்கு மட்டும் இல்லாம, "திருமணத்தைப் போன்ற உறவில்" வாழுற பெண்ணுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். அடி, மிரட்டல் மட்டும்தான் வன்முறைன்னு இல்லை. செலவுக்குப் பணம் தராம முடக்குறது, உங்க நகையையோ சம்பளத்தையோ பிடுங்கி வெச்சுக்கிறது எல்லாம் பொருளாதார வன்முறைன்னு இந்தச் சட்டத்துல வருது. மாஜிஸ்திரேட் கோர்ட்ல மனு போட்டு பாதுகாப்பு உத்தரவு, ஒண்ணா வாழ்ந்த வீட்ல தங்குற உரிமை, பராமரிப்புத் தொகை, இழப்பீடு கேட்கலாம். அவசரம்னா 181 மகளிர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்க.

சரி, எது "திருமணத்தைப் போன்ற உறவு"? கோயம்புத்தூர் குடும்ப நீதிமன்றத்துல ஆரம்பிச்சு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன ஒரு வழக்குல, 2010 அக்டோபர்ல இதுக்கு நாலு அளவுகோல் சொன்னாங்க.

1. ரெண்டு பேரும் வெளி உலகத்துக்குக் கணவன், மனைவி போலவே தங்களைக் காட்டியிருக்கணும்.
2. ரெண்டு பேருக்கும் திருமண வயசு ஆகியிருக்கணும்.
3. கல்யாணம் பண்ணிக்கச் சட்டத் தடை இருக்கக் கூடாது. அதாவது, ரெண்டு பேருக்கும் வேற கணவனோ மனைவியோ இருக்கக் கூடாது.
4. விருப்பத்தோட கணிசமான காலம் ஒண்ணா வாழ்ந்திருக்கணும். வார இறுதியில மட்டும் சந்திச்சுக்கிறது கணக்குல வராது.

மூணாவது பாயிண்ட்டை இன்னொரு தடவை படிங்க. அவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சுன்னு தெரிஞ்சே ஒண்ணா வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு இந்தச் சட்டத்துல பராமரிப்பு கிடையாதுன்னு 2013-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. "விவாகரத்து கேஸ் நடந்துட்டு இருக்கு, சீக்கிரம் முடிஞ்சிடும்"னு சொல்றவரை நம்பி வேலையை விடுறதுக்கு முன்னாடி இதை யோசிங்க. கேஸ் முடியுற வரைக்கும் அவர் கல்யாணம் ஆனவர்தான்.

இந்தச் சட்டத்துல ஆண் மனு போட முடியாது. பிரேக்-அப் ஆனா ஆணுக்குப் பராமரிப்புன்னு எதுவும் கிடைக்காது.

குழந்தை இருந்தா? பெத்தவங்க கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களா இல்லையா என்பது குழந்தையோட பராமரிப்பைப் பாதிக்காது. முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ம் பிரிவு, இப்போ பி.என்.எஸ்.எஸ். 144-ம் பிரிவு. ரெண்டுமே திருமண உறவுக்கு வெளியில பிறந்த குழந்தைக்கும் பராமரிப்பு கேட்க வழி கொடுக்குது.

சட்டம் என்ன கொடுக்காது?

இங்கதான் என் ஆபீஸுக்கு வந்த அந்தப் பெண் மாட்டிக்கிட்டாங்க. மேல சொன்னது எல்லாம் உறவுக்குள்ள பிரச்னை வந்தா உதவுறது. சண்டையே இல்லாம, ஒருத்தர் இறந்துட்டா?

இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956. உயில் எழுதாம ஒரு ஆண் இறந்தா முதல் வரிசை வாரிசுகள்ல மனைவி, பிள்ளைகள், அம்மா வருவாங்க. கல்யாணம் ஆகாத, குழந்தை இல்லாத ஒரு பெண் இறந்தா அவங்க சம்பாதிச்ச சொத்து அப்பா, அம்மாவுக்குப் போகும். இந்த லிஸ்ட்ல கடைசி வரைக்கும் தேடினாலும் "பார்ட்னர்" அப்படின்னு ஒரு வார்த்தை இருக்காது. நாலு வருஷம் இருந்தாலும் சரி, பதினாலு வருஷம் இருந்தாலும் சரி.

"ரொம்ப காலம் ஒண்ணா வாழ்ந்தா கல்யாணம் ஆன மாதிரிதான்னு கோர்ட்டே சொல்லியிருக்கே சார்?" உண்மைதான். 2022-ல் கேரள வழக்கு ஒண்ணுல சுப்ரீம் கோர்ட் அதை மறுபடியும் சொல்லுச்சு. ஆனா அது ஒரு அனுமானம் மட்டும்தான். எதிர்த்தரப்பு அதை உடைக்கலாம். "நாங்க கல்யாணம் பண்ணிக்க வேண்டாம்னு முடிவு பண்ணி வாழுறோம்"னு நண்பர்கள்கிட்ட எல்லாம் சொல்லிட்டு, ஒருத்தர் இறந்த பிறகு "நாங்க கணவன் மனைவி"ன்னு கோர்ட்ல நிரூபிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. அதுக்கு ஆகுற வருஷங்களையும் வக்கீல் ஃபீஸையும் தனியா கணக்குல வெச்சுக்கோங்க.

"நாமினி நான்தானே?"

இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பயம். நாமினின்னா ஓனர் இல்லை. பேங்க்கோ ஃபண்ட் கம்பெனியோ பணத்தை யார் கையில கொடுக்கணும்னு சொல்றதுதான் நாமினேஷன். வாங்கின பணத்தைச் சட்டப்படியான வாரிசு உங்ககிட்ட கேட்டா கொடுக்க வேண்டி வரலாம். ஷேர் விஷயத்துல கூட நாமினி முழு உரிமையாளர் ஆக மாட்டார்னு 2023 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் உறுதி பண்ணிடுச்சு.

ஒவ்வொண்ணா பார்ப்போம்.

*பேங்க் டெபாசிட், மியூச்சுவல் ஃபண்ட்:* பார்ட்னரை நாமினியா போடலாம், தடை இல்லை. ஆனா பின்னாடி உயில் இருந்தாதான் அந்தப் பணம் முழுசா அவங்களுக்கு நிக்கும்.

*இன்ஷூரன்ஸ்:* அப்பா, அம்மா, கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியா இருந்தா அவங்களைப் பயனாளியாவே நடத்தணும்னு 2015 திருத்தம் சொல்லுது. அந்தப் பட்டியல்லயும் பார்ட்னர் இல்லை. பார்ட்னரை நாமினியா போட்டா பல கம்பெனிகள் முதல்லயே கேள்வி கேட்கும்.

*பி.எஃப்., கிராஜுவிட்டி:* இதுதான் பெரிய பொறி. பி.எஃப். திட்டத்துல "குடும்பம்"னா யார் யார்னு வரையறை இருக்கு. உங்களைச் சார்ந்து இருக்கிற பெத்தவங்களும் அதுல வருவாங்க. அப்படி ஒரு குடும்பம் இருக்கும்போது வெளியாள் ஒருத்தரை நாமினியா போட்டா அந்த நாமினேஷன் செல்லாது. குடும்பம்னு யாருமே இல்லைன்னாதான் யாரை வேணா போடலாம். அதுவும் நீங்க கல்யாணம் பண்ணின நாள்ல இருந்து செல்லாது. கிராஜுவிட்டிக்கும் கிட்டத்தட்ட இதே விதிதான்.

வீடு: இங்க பினாமி சட்டம் உள்ள வருது

பணம் ஒருத்தரோடது, பத்திரம் இன்னொருத்தர் பேர்ல. இதுக்குப் பேர் என்ன? பினாமி. 1988 பினாமி சட்டத்துல கணவன், மனைவி, பிள்ளைகள் பேர்ல கணக்குல இருக்கிற பணத்தைப் போட்டு வாங்கினா விலக்கு உண்டு. அண்ணன், தங்கச்சியோட கூட்டா வாங்கினாலும் விலக்கு உண்டு. லிவ்-இன் பார்ட்னருக்கு விலக்கு கிடையாது.

அந்தப் பெண் "வீட்ல என் பணம் இருக்கு, பாதி எனக்கு வேணும்"னு கேஸ் போடலாமான்னு கேட்டாங்க. "பத்திரம் அவர் பேர்ல இருந்தாலும் உண்மையான ஓனர் நான்தான்" அப்படின்னு வழக்குப் போட பினாமி சட்டம் அனுமதிக்காது. சரி, அது கடன்னு சொல்லலாமா? கடன்னு எழுதின ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. 31 ட்ரான்ஸ்ஃபர்லயும் குறிப்புல அவங்க போட்டிருந்தது ஒரு ஹார்ட் எமோஜி!

அதனால சேர்ந்து வீடு வாங்கினா, பத்திரத்துல ரெண்டு பேர் பேரும் இருக்கணும். யாருக்கு எத்தனை சதவீதம்னும் எழுதியிருக்கணும். லோன்ல கோ-பாரோயரா மட்டும் கையெழுத்துப் போட்டா கடன் உங்க தலையில வரும், வீடு வராது. ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க. இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு எல்லா பேங்க்கும் கூட்டு லோன் தராது. அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. "அப்புறமா பேர் சேர்த்துக்கலாம்"னு தள்ளிப் போடவும் வேண்டாம். தமிழ்நாட்ல குடும்பத்தினருக்குள்ள எழுதுற செட்டில்மெண்ட் பத்திரத்துக்கு இருக்கிற முத்திரைத் தீர்வைச் சலுகை பார்ட்னருக்குக் கிடைக்காது.

வருமான வரி உங்களை எப்படிப் பார்க்குது?

ரெண்டு அந்நியர்களா. அவ்வளவுதான்.

கணவன் மனைவிக்குக் கொடுக்கிற பரிசுக்கு வாங்குறவங்க கையில வரி இல்லை. ஆனா உறவினர் அல்லாதவங்ககிட்ட இருந்து ஒரு நிதியாண்டுல மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல பரிசா வந்தா, மேல இருக்கிற தொகைக்கு மட்டும் இல்லை, முழுத் தொகைக்கும் வரி. உங்க மேற்படிப்புக்குப் பார்ட்னர் 3 லட்சம் பரிசா கொடுத்தார்னு வெச்சுப்போம். நீங்க 30 சதவீத ஸ்லாப்ல இருந்தா, செஸ் சேர்த்து 93,600 ரூபாய் வரி. உயில் மூலமா வந்தா இந்த வரி கிடையாது. உயிலுக்கு இது இன்னொரு காரணம்.

வாடகை, மளிகை, கரண்ட் பில்னு ஆளுக்குப் பாதி போடுறது செலவுப் பங்கீடு, பரிசு இல்லை. ஆனா அது தெரியணும்னா ட்ரான்ஸ்ஃபர் குறிப்புல "ஜூன் வாடகைப் பங்கு" அப்படின்னு எழுதுங்க. ஹார்ட்டைத் தனியா வாட்ஸ்அப்ல அனுப்பிக்கலாம்.

பார்ட்னருக்காக நீங்க கட்டுற எல்.ஐ.சி. பிரீமியத்துக்கோ ஹெல்த் இன்ஷூரன்ஸுக்கோ, 80சி, 80டின்னு நாம சொல்லிப் பழகின கழிவு கிடைக்காது. எச்.ஆர்.ஏ. வேணும்னா வாடகை ஒப்பந்தத்துல ரெண்டு பேர் பேரும் போட்டு, அவங்கவங்க கட்டின பங்குக்கு மட்டும் கோருங்க.

அப்போ என்ன பண்ணணும்? ஆறு பேப்பர்

1. உயில். இதை மட்டுமாவது பண்ணுங்க. வெள்ளைப் பேப்பர் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. நீங்க கையெழுத்துப் போடணும், ரெண்டு சாட்சிகள் போடணும். பார்ட்னரையே சாட்சியா போடாதீங்க. பதிவு கட்டாயம் இல்லை, ஆனா சார்-பதிவாளர் ஆபீஸ்ல பதிவு பண்ணிட்டா பின்னாடி சந்தேகம் கிளப்புறது கஷ்டம். முஸ்லிம்களுக்கு, வாரிசுகள் சம்மதம் இல்லாம மூணுல ஒரு பங்குக்கு மேல உயில் எழுத முடியாது. அப்பா, அம்மாவுக்கு என்ன, பார்ட்னருக்கு என்னன்னு பிரிச்சு எழுதுங்க. அவங்களும் உங்களை நம்பி இருக்கிறவங்கதான்.

2. பங்கீட்டு ஒப்பந்தம். எந்தப் பொருள் யாரோடது, செலவு எப்படிப் பிரியும், பிரிஞ்சா அட்வான்ஸ் தொகை யாருக்கு. கோர்ட் இதை அப்படியே அமல்படுத்தும்னு உத்தரவாதம் இல்லை. ஆனா ஒண்ணுமே இல்லாம நிக்கிறதுக்கு இது ஒரு நல்ல ஆதாரம்.

3. கடன்னா கடன் பத்திரம். பெரிய தொகை கொடுத்தா பேங்க் மூலமா கொடுங்க. 20,000 ரூபாயும் அதுக்கு மேலயும் ரொக்கமா கடன் வாங்கக் கூடாது, வாங்கினா அதே அளவு அபராதம் வரும். மூணு வருஷத்துக்குள்ள கடனை ஒப்புக்கிட்டு மறுபடி எழுதி வாங்குங்க, இல்லைன்னா காலாவதி ஆயிடும்.

4. வாடகை ஒப்பந்தம், ரெண்டு பேர் பேர்லயும். தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி குடியிருக்கிற வீட்டுக்கு அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல கேட்கக் கூடாது என்பதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

5. மருத்துவ முன்கூட்டிய உத்தரவு. ஐ.சி.யூ. வாசல்ல "நீங்க அவருக்கு என்ன உறவு?" அப்படின்னு கேட்பாங்க. நீங்க பேச முடியாத நிலையில உங்க உயிர்காக்கும் சிகிச்சை பத்தி யார் பேசணும்னு முன்கூட்டியே எழுதலாம். ரெண்டு சாட்சிகள் முன்னாடி கையெழுத்து, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி சான்று. 2023-ல் சுப்ரீம் கோர்ட் இந்த முறையை எளிமையாக்கிடுச்சு.

6. ஹெல்த் இன்ஷூரன்ஸ். ஆளுக்கு ஒரு தனி பாலிசி. சில கம்பெனிகள் குரூப் பாலிசியில பார்ட்னரைச் சேர்க்க விடுவாங்க. எச்.ஆர்.கிட்ட ஒரு மெயில் போட்டுக் கேளுங்க.

ஒரே பாலின ஜோடிகளுக்கு இந்த ஆறும் இன்னும் முக்கியம். 2023 அக்டோபர் தீர்ப்புல அவங்க திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடைக்கலை. ஆனா கூட்டு பேங்க் அக்கவுண்ட் திறக்கவும் ஒருத்தரை ஒருத்தர் நாமினியா போடவும் எந்தத் தடையும் இல்லைன்னு 2024 ஆகஸ்ட்ல நிதி அமைச்சகம் விளக்கம் கொடுத்திருக்கு.

ஆன்சைட்டோ ட்ரான்ஸ்ஃபரோ உத்தராகண்ட் பக்கம் போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்க 2025 ஜனவரியில அமலுக்கு வந்த பொது சிவில் சட்டப்படி லிவ்-இன் உறவைப் பதிவு பண்ணணும். ஒரு மாசத்துக்கு மேல பதிவு பண்ணாம இருந்தா மூணு மாசம் வரை சிறை, இல்லைன்னா 10,000 ரூபாய் வரை அபராதம், இல்லை ரெண்டுமே வரலாம். தமிழ்நாட்ல அப்படி ஒரு பதிவும் இல்லை, அந்தச் சட்டமும் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆச்சு?

கோர்ட்டுக்குப் போகலை. அந்த ஸ்டேட்மெண்ட்டை எடுத்துட்டுப் போய் அம்மாகிட்ட காட்டுங்கன்னு சொன்னேன். காட்டினாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அழுதிருக்காங்க. ஃப்ளாட் வித்து, லோன் போக மிச்சம் வந்ததும் அந்த அம்மா 6 லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க. இ.எம்.ஐ.ல போன 8,68,000 வரலை, இவங்களும் கேட்கலை.

அந்த 6 லட்சம் சட்டம் வாங்கிக் கொடுத்தது இல்லை. அது ஒரு அம்மாவோட நல்ல மனசு. உங்க பார்ட்னரோட குடும்பமும் அப்படி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதை நம்பி 20 வருஷ லோன்ல கையெழுத்துப் போடாதீங்க.

"இதெல்லாம் பேசினா நம்பிக்கை இல்லைன்னு நினைச்சுப்பாங்களோ?" அப்படின்னு தயங்குவீங்க. கல்யாணம் ஆனவங்களுக்குச் சட்டமே பாதி வேலையைப் பண்ணிடுது. உங்களுக்கு அதை நீங்கதான் எழுதிக்கணும். இந்த ஞாயித்துக்கிழமை, ஒரு காபி போட்டுட்டு, ரெண்டு பேரும் உட்கார்ந்து முதல் பேப்பரை மட்டும் எழுதுங்க. மத்த அஞ்சையும் ஒரு மாசத்துல முடிச்சிடலாம்.

(இது பொதுவான தகவலுக்காக எழுதினது. வீடு, குழந்தை, வழக்குன்னு போறதுக்கு முன்னாடி உங்க ஆவணங்களோட ஒரு வக்கீலையும் ஆடிட்டரையும் பார்த்துடுங்க.)

அடுத்த வீடியோவுல, நாமும் சாட்சிகளும் கையெழுத்துப் போடுறது வரைக்கும் ஒரு எளிமையான உயிலை வரி வரியா எழுதிக் காட்டுறேன். சந்திப்போம், நண்பர்களே!